கறுப்பின வரலாற்று மாதம்: பள்ளிக்கூடத்தில என்ன செய்யலாம், எதை விடலாம்? (ஒன்ராறியோ)

#1 வடலி
ஜனவரி 31 தமிழ் மரபுத் திங்கள் தட்டி கழருது, அடுத்த நாளே பெப்ரவரி. பெற்றோர் சபையில தமிழ் ஆக்கள்தான் கூட எண்டபடியால் கறுப்பின வரலாற்று மாதத்துக்கும் எங்களையே கை குடுக்கக் கேட்டிருக்கினம். பாலர் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம். கையில இருக்கிறது: நடைபாதையில 4க்கு 8 அடித் தட்டி ரெண்டு, ஜிம் ஒரு பிற்பகல், 400 டொலர். வழமையா நடக்கிறது அஞ்சு அமெரிக்கத் தலைவர்மாரின்ர படம், ஒரு மேள நிகழ்ச்சி, அவ்வளவுதான். இதைவிட உருப்படியா என்ன செய்யலாம்? விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 நூலகப்பூனை
முதல்ல நாளை எண்ணுங்கோ அக்கா. பெப்ரவரியில 20 வார நாள். மூன்றாம் திங்கள் குடும்ப நாள் விடுமுறை. ஆசிரியர் பயிற்சி நாள் ஒண்டு விழுந்தால் மிச்சம் 18. அதுக்குள்ள காதலர் நாள், பாலர் வகுப்புக்காரரின்ர நூறாவது நாள் கொண்டாட்டம். பனி கொட்டி பஸ் ஓடாட்டி பாதி வகுப்பு காலி. அதனால ஜிம் நிகழ்ச்சியை ரெண்டாம் கிழமை வையுங்கோ, மூன்றாம் கிழமையில மாற்று நாள் ஒண்டை இப்பவே எழுதி வாங்குங்கோ. கடைசிக் கிழமையை நம்பினால் ஒரு பனிப்புயலோட எல்லாம் போச்சு.

தட்டிக்கு: அஞ்சு முகத்தை ஒட்டாமல் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து முழுத் தட்டியையும் அதுக்குக் குடுங்கோ. வயோலா டெஸ்மண்ட் நல்ல தெரிவு. 1946 நவம்பர் 8, நோவா ஸ்கோஷியாவில நியூ கிளாஸ்கோ எண்ட ஊர். ஹலிபாக்ஸில அழகுக்கலை நிலையமும் பயிற்சிப் பள்ளியும் நடத்தின பெண், கார் பழுதாகி அந்த ஊரில தங்கி, படம் பார்க்கப் போறா. கீழ்த்தள டிக்கெட் 40 சதம், பல்கனி 30 சதம். கறுப்பினத்தவருக்கு பல்கனி டிக்கெட் மட்டும்தான் குடுப்பினம். வித்தியாசத்தைத் தாறன் எண்டு கேட்டும் வாங்கேல்ல. கீழ இருந்தவவைத் தூக்கி இழுத்துக்கொண்டு போய் இரவு முழுக்கச் சிறையில வைச்சினம்.

வழக்கு எதில எண்டு பாருங்கோ. நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீழ்த்தள டிக்கெட்டுக்குக் கேளிக்கை வரி 3 சதம், பல்கனிக்கு 2 சதம். ஒரு சதம் வரி ஏய்ப்பாம். தண்டம் 20 டொலர், செலவு 6 டொலர். 5ஆம் வகுப்புக்கு இதுவே கணக்கு: 2600 சதத்தை 1 சதத்தால பிரியுங்கோ. 7, 8க்குக் கேள்வி வேற: சட்டப் புத்தகத்தில இல்லாத நிறப் பிரிவினையை வரிச் சட்டம் எப்பிடிக் காப்பாற்றினது? மன்னிப்பு 2010இல வந்தது, அவ இறந்து 45 வருசத்துக்குப் பிறகு. அமெரிக்காவில ரோசா பார்க்ஸ் எண்ட கறுப்பினப் பெண் பஸ்ஸில எழும்ப மாட்டன் எண்டது 1955 டிசம்பர். இது அதுக்கு ஒன்பது வருசம் முந்தி.

#3 கோவைக்காரி
ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங் பத்தி வீடியோ, ஒர்க்‌ஷீட் எல்லாம் ரெடியா இருக்கு. டீச்சர்களுக்கு நேரமே இல்லாதப்போ புதுசா ஒண்ணைத் தலையில கட்டினா யார் செய்வாங்க? அமெரிக்கக் கதைன்னா என்ன தப்பு?

இன்னொண்ணு, வயோலா டெஸ்மண்ட் பத்து டாலர் நோட்டுல இருக்காங்களே. அதைப் பெருசா கலர் பிரிண்ட் எடுத்து, பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வெட்டிக் கொடுத்தா கிராஃப்டும் ஆச்சு.

#4 நூலகப்பூனை
தப்பில்லை. ஆனால் அது மட்டும் எண்டால் பிள்ளை "கெட்டது எல்லாம் எல்லைக்கு அங்கால நடந்தது, இங்க ஓடிவந்த ஆக்களைக் காப்பாற்றினவை" எண்டு நினைச்சுக்கொண்டு போகும். அரைவாசி உண்மை. மேல் கனடாவில (இண்டைய தென் ஒன்ராறியோ) அடிமை முறையைக் கட்டுப்படுத்த 1793இல சட்டம் வந்தது, ஆனால் அது இருந்த அடிமை ஒருத்தரையும் விடுவிக்கேல்ல. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு 25 வயதில விடுதலை, அவ்வளவுதான். பிரித்தானியப் பேரரசின்ர பெரும்பகுதியில அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1834 ஓகஸ்ட் 1. ஒன்ராறியோச் சட்டத்தில கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி எண்ட பிரிவு 1964 வரைக்கும் கிடந்தது. எடுப்பிச்சவர் லெனார்ட் பிரேத்வெயிட், மாகாண சபைக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர்.

ஒன்ராறியோவில டிரெஸ்டன் ஊரையும் பாருங்கோ. ஜொசையா ஹென்சன் அடிமைத்தனத்திலயிருந்து தப்பி வந்தவையளோட குடியிருப்பு அமைச்ச அதே இடம். நூறு வருசம் கழிச்சு அங்க உணவகத்தில கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு குடுக்க மாட்டினம். தச்சுத் தொழில் செய்த ஹியூ பர்னெட்டும் தேசிய ஒற்றுமைச் சங்கமும் போராடித்தான் 1954இல பொது இடங்களில பாகுபாட்டைத் தடுக்கிற மாகாணச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கடைக்காரர் மறுக்க, ஆளை அனுப்பிச் சோதிச்சு வழக்குப் போட்டு வெண்டவை. ஆசிரியருக்கு நேரமில்லை எண்டால் இதை ஒரு பக்கத்தில, மூண்டு கேள்வியோட, அச்சடிச்சுக் கையில குடுங்கோ. வேற ஒண்டும் கேளாதேங்கோ.

நோட்டு விசயம் கவனம். பணநோட்டை அதே அளவில நகல் எடுக்கிறது குற்றவியல் சட்டத்தில வரும், பள்ளிக்கூடக் கைவேலை எண்டு சொல்லித் தப்பேலாது. படம் உண்மை நோட்டின்ர நீள அகலத்தில முக்கால் பங்குக்குக் கீழ, இல்லாட்டி ஒண்டரை மடங்குக்கு மேல இருக்க வேணும். அதோட கறுப்பு வெள்ளையாக, அல்லது ஒரு பக்கம் மட்டும். நோட்டு 152.4க்கு 69.85 மில்லிமீற்றர். ஒண்டரை மடங்கு 228.6க்கு 104.8. நீங்கள் 240க்கு 110 எண்டு வைச்சால் லெட்டர் தாளில நிமிர்த்தி அடிக்கலாம், ஏனெண்டால் அது நெட்டாக நிக்கிற நோட்டு. பிரிண்டரில "பக்கத்துக்குப் பொருத்து" எண்டதைக் கழட்டுங்கோ, அது அளவைச் சுருக்கிப்போடும். அடிச்சு முடிய அடிமட்டம் வைச்சு அளந்து பாருங்கோ. பதிப்புரிமை கனடா வங்கியிட்ட, அதனால அவையளின்ர அனுமதிப் படிவமும் தேவை. இந்தக் கரைச்சல் வேண்டாமெண்டால் உண்மை நோட்டு ஒண்டைப் பூதக்கண்ணாடியோட வகுப்புக்குக் கொண்டுபோங்கோ. அவவின்ர முகத்துக்குப் பின்னால ஹலிபாக்ஸ் வடபகுதியின்ர தெருப்படம் கிடக்கு. பிள்ளையள் அதைத் தேடுறதே ஒரு பாடம்.

#5 பறையொலி
மேளம் பத்தி. கூப்பிடுறது பெரும்பாலும் ஜெம்பே. அதை "ஆப்பிரிக்க மேளம்"னு தட்டியில எழுதாதீங்க. மாலி, கினி பக்கத்து மாண்டிங்கா மக்களோட வாத்தியம் அது. ஒன்டாரியோ ஸ்கூல்ல இருக்கிற கறுப்பினப் பசங்களோட வீடு ஜமைக்காவா, சோமாலியாவா, எத்தியோப்பியாவா, கானாவா இருக்கலாம். சோமாலியப் பையனுக்கு ஜெம்பே அவன் வீட்டுப் பொருள் கிடையாது. நமக்கு யாராவது "இந்திய டான்ஸ்"னு பாங்ரா ஆடிக் காட்டின மாதிரிதான். ஸ்டீல் பேன் தெரிஞ்ச ஆள் கிடைச்சா யோசிங்க. டிரினிடாட்ல எண்ணெய் பீப்பாயை அடிச்சுக் குழிச்சு சுருதி சேர்த்த வாத்தியம், பசங்க கண்ணு அதைவிட்டு நகராது.

ஜெம்பேன்னா கவனிக்க வேண்டியது: ஆட்டுத்தோல், கயிறு முறுக்கிச் சுருதி வைப்பாங்க. பிப்ரவரியில ஹீட்டர் ஓடுற கட்டடத்துல காத்து காஞ்சு கிடக்கும். மைனஸ் 15 டிகிரியில கார் டிக்கியில கிடந்ததை நேரா ஜிம்முக்குள்ள கொண்டுவந்து உறையைப் பிரிச்சா, தோல் இறுகி வாய் ஓரமாப் பிளந்துடும். உறையோடவே ஒரு மணி நேரம் உள்ள வெச்சிருந்து அப்புறம் எடுக்கணும். பறை பழக்கத்துல யாராவது சூடு காட்டலாம்னு கிளம்புவாங்க, வேண்டவே வேண்டாம். ஜெம்பே ஏற்கெனவே இறுக்கத்துல இருக்கு.

பசங்க வாசிக்கிறப்போ மோதிரம், பிரேஸ்லெட் கழட்டணும், இல்லேன்னா தோல் கீறும். அடிப்பக்கம் திறந்திருக்கிற மேளம், தரையில அமுக்கி வெச்சா நடுக்குழி அடி மொத்தையா அமுங்கிடும். முன்பக்கமாச் சாய்ச்சு முழங்காலுக்கு நடுவுல பிடிக்கணும். முதல் பத்து நிமிஷம் நடுவுல ஒரு அடி, ஓரத்துல ஒரு அடி, இது ரெண்டு போதும். விரல் தெறிக்கிற அடியைச் சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர முயற்சி பண்ணா கை சிவந்து அழுவாங்க. 25 பேருக்கு 12 மேளம் போதும். மத்தவங்க கை தட்டல், அப்புறம் மாத்திக்கலாம். 25 மேளமும் ஒரே நேரத்துல ஜிம்முல முழங்கினா சொல்லித் தர்றவர் குரல் எடுபடாது.

பறையையும் ஜெம்பேவையும் சேர்த்து ஜுகல்பந்தி வைக்கலாம்னு யாராவது கிளம்புவாங்க. எனக்குப் பறைன்னா உசுரு, ஆனா ஜனவரி நம்ம மாசம், அங்க வைங்க. பிப்ரவரியில மேடை அவங்களோடது.

#6 கோவைக்காரி
ஒர்க்‌ஷீட் விஷயம் ஒத்துக்கிறேன். நோட்டு விதி சத்தியமாத் தெரியாது, நல்லவேளை. ரெண்டு யோசனை இருக்கு, சரியான்னு சொல்லுங்க. 6ஆம் கிளாஸ் பசங்க அடிமைகள் தப்பிச்சு வர்ற மாதிரி ஒரு நாடகம், துரத்துறவங்க, ஒளியறவங்கன்னு. இன்னொண்ணு அந்த ரகசியச் சங்கேத ஒட்டுப்போர்வை: வேலியில காயப்போட்ட போர்வை டிசைனைப் பார்த்து வழி கண்டுபிடிச்சாங்கன்னு சொல்வாங்களே, பேப்பர்ல கட்டம் கட்டமா ஒட்டலாம்.

#7 மணற்காடு
பிள்ளை, முதலாவதை அடியோட விடுங்கோ. யார் அடிமை, யார் துரத்துறவர் எண்டு பிரிக்கிற அந்த நிமிசத்திலயே பிழை நடந்துபோகும். வகுப்பில ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருந்தால் எல்லாக் கண்ணும் அதன்ர பக்கம் திரும்பும். துரத்துற வேசம் கிடைச்ச பிள்ளைக்கு அது ஓடிப்பிடிச்சு விளையாட்டு, சிரிச்சுக்கொண்டு ஓடும். வீட்டை போய் அந்தப் பிள்ளை என்னத்தைச் சொல்லும் எண்டு யோசியுங்கோ. நிலத்தில நெருக்கிப் படுக்க வைச்சு அடிமைக் கப்பல் காட்டுறது, ஏலம் போட்டுக் காட்டுறது எல்லாம் இதே வகை. அதேபோல "உங்கட ஆக்களைப் பற்றிச் சொல்லு" எண்டு ஒரு பிள்ளையை எழுப்பி விடவும் கூடாது.

ஒட்டுப்போர்வைக் கதை 1999இல வந்த ஒரு புத்தகத்தால பள்ளிக்கூடங்களுக்குள்ள பரவினது. தப்பி வந்தவையள் தாங்களே சொல்லிப் பதிவான வாக்குமூலங்கள் நிறைய இருக்கு, அதில ஒண்டிலயும் இப்பிடி ஒரு சங்கேதம் இல்லை. வரலாற்றாய்வாளர் பெரும்பாலும் ஏற்கிறதில்லை. கைவேலை அழகு எண்டதுக்காக உண்மை எண்டு படிப்பிக்கேலாது.

அதுக்குப் பதிலாக "புரொவின்ஷியல் ஃப்ரீமன்" பத்திரிகையை எடுங்கோ. மேரி ஆன் ஷாட் எண்ட கறுப்பினப் பெண் 1853இல வின்சரில தொடங்கினது, பிறகு ரொறன்ரோ, பிறகு சாதம் நகரம். பெண் நடத்துற பத்திரிகை எண்டால் வாங்க மாட்டினம் எண்டு ஆசிரியர் பெயராக ஒரு ஆணின்ர பெயர்தான் முதல்ல போட்டிருந்தது. பழைய இதழ்கள் இணையத்தில சும்மா வாசிக்கலாம். முகப்பில ஒரு வாசகம் இருக்கும்: தன் காலில் நிற்பதே விடுதலைக்கு மெய்யான பாதை எண்ட பொருள்.

செய்முறை: 11க்கு 17 அங்குலத் தாளை நடுவில மடிச்சால் நாலு பக்கம். நாலு பிள்ளைக்கு ஒரு தாள். முதற்பக்கம் செய்தி, ரெண்டாவது ஆசிரியர் கடிதம், மூண்டாவது விளம்பரம், நாலாவது வாசகர் கடிதம். விளம்பரப் பக்கத்தைத்தான் முதல்ல வாசிக்கக் குடுக்க வேணும். கடைக்காரர், தையற்காரர், பிரிஞ்சுபோன சொந்தத்தைத் தேடுற ஆக்கள் எண்டு அந்தக் காலத்துச் சனம் முழுக்க அங்கதான் நிக்கும். 40 நிமிசப் பாடம் ரெண்டு வேணும். ஒரு பாடத்தில முடிக்கப் பார்த்தால் தலைப்பும் படமும் மட்டும்தான் மிஞ்சும்.

#8 சட்டிபானை
சாப்பாடு இல்லாத விழாவை நம்ம ஆக்கள் விழா எண்டு ஒத்துக்கொள்ள மாட்டினம், அதனால எப்பிடியும் கேப்பீங்கள்.

முதல்ல நாட்காட்டி. ரமழான் 2026இல பெப்ரவரி 18 வாக்கில, 2027இல 8 வாக்கில தொடங்குது. சோமாலிய, மேற்கு ஆப்பிரிக்கப் பிள்ளையளில கனபேர் நோன்பு. அவையளின்ர பண்பாட்டைக் கொண்டாட வைச்ச மேசையில அவையளே சாப்பிடேலாமல் நிண்டால் நல்லாயிருக்காது. நோன்புக்கு முதற்கிழமை வையுங்கோ, அல்லது பொதி கட்டி வீட்டை குடுத்துவிடுங்கோ. ஒவ்வாமைப் பட்டியலை அலுவலகத்தில கேட்டு வாங்குங்கோ. மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில நிலக்கடலைக் கறி இருக்கு, அது பள்ளிக்கூட வாசலுக்கே வரக்கூடாது.

ஜொலோஃப் சோறு (மேற்கு ஆப்பிரிக்காவில தக்காளி, மிளகாய் அரைச்சு வேக வைக்கிறது) 100 பிள்ளைக்கு ருசி பார்க்க, ஆளுக்கு 60 கிராம்: நீட்டு அரிசி புழுங்கல் 2 கிலோ, தக்காளி ஒண்டேகால் கிலோ, சிவப்புக் குடைமிளகாய் 6, வெங்காயம் 6, தக்காளி விழுது 400 கிராம், எண்ணெய் 300 மில்லி, உலர்ந்த தைம் 2 மேசைக்கரண்டி, பிரிஞ்சி இலை 6, மரக்கறி அவிச்ச நீர் ஒண்டரை லீற்றர் அளவில. ஸ்கொட்ச் பொனெற் மிளகாய் ஒண்டை முழுசாப் போட்டு எடுக்கலாம், உடைஞ்சால் பாலர் வகுப்புக்கு இல்லை. தக்காளி, குடைமிளகாய், பாதி வெங்காயத்தை அரைச்சுத் தண்ணி வத்தக் கொதிக்க வையுங்கோ. மிச்ச வெங்காயத்தை வதக்கி, விழுதைத் தனியப் போட்டு நிறம் கறுக்கும்வரை பிரட்டி, பிறகு அரைச்சதை விட்டு எண்ணெய் மேல பிரியும்வரை விடாமல் கிளறுங்கோ. இந்த அளவுக்கு அரை மணி பிடிக்கும். பச்சை வாடை அடிக்குது எண்டால் இங்க அவசரப்பட்டிருக்கிறீங்கள். பிறகு நீர், உப்பு, கழுவின அரிசி. தண்ணி அரிசி மட்டத்துக்குத்தான் நிக்க வேணும், எங்கட கணக்கில விரற்கடை வைச்சால் கஞ்சி. பேப்பர் ஃபொயிலால மூடி மேல மூடி போட்டு மெல்லிய நெருப்பில அரை மணி. அடி லேசாப் பிடிக்கிறது நல்லது, அந்தப் புகை வாசம்தான் அதின்ர குணம்.

யாழ்ப்பாணத் தூள் போடாதேங்கோ, கறிவேப்பிலை போடாதேங்கோ. போட்டால் அது தக்காளிச் சோறு. நைஜீரியாக்காரரும் கானாக்காரரும் எவற்றது சிறந்தது எண்டு காலம் காலமாச் சண்டை, பேர் வந்தது செனகலின்ர வொலொஃப் மக்களிட்டயிருந்து. மேசையில "ஆப்பிரிக்க உணவு" எண்டு எழுதினால் மூண்டு பேரும் சேர்ந்து உங்களில பாய்வினம்.

வீட்டில சமைச்சதைப் பல பள்ளிக்கூடங்கள் எடுக்காது. அதுக்கு முதல் அதிபரைக் கேளுங்கோ. உண்மையா, 400இல ஒரு பகுதியை நைஜீரிய அல்லது ஜமைக்கக் கடைக்குக் குடுத்து ஓடர் பண்ணுறதுதான் சரி. சூடு 60 பாகைக்குக் கீழ இறங்கக் கூடாது, காலமை எடுத்து மத்தியானம் வரை மேசையில வைக்காதேங்கோ.

#9 வடலி
நன்றி எல்லாருக்கும். இன்னொரு கேள்வி. பின்னேரம் பிள்ளையளை ஏத்த வாறது அரைவாசி அம்மம்மாமார், அப்பப்பாமார். தட்டிக்குத் தமிழ் விளக்கமும் போட்டால் நிண்டு வாசிப்பினம். என்ன சொல் போடுறது?

#10 ஆறுமுகத்தார்
கறுப்பினத்தவர். தனி ஆளுக்குப் பெயர். ஜமைக்காவிலயிருந்து வந்தவர், சோமாலியாவிலயிருந்து வந்தவர் எண்டு தெரிஞ்சால் அதையே எழுதலாம். "நீக்ரோ" வேண்டாம். பழைய அமைப்பின்ர பெயருக்குள்ள வந்தால் மட்டும் அப்பிடியே விடுங்கோ.

வீட்டுக்குள்ள எங்கட சனம் சொல்லுற சொல் ஒண்டு இருக்கு, எல்லாருக்கும் தெரியும். காப்பிலி. அரபியில "நம்பாதவன்" எண்ட சொல், போர்த்துக்கேயர் வாயால இலங்கைக்கு வந்து எங்கட நாக்கில தங்கினது. இலங்கையில புத்தளத்துக்குப் பக்கத்தில சிறாம்பியடியில இருக்கிற ஆப்பிரிக்க வழிச் சமூகம் அதே வேரில வந்த பெயரைத் தங்களுக்கு வைச்சிருக்கினம், மஞ்ஞா எண்ட பாட்டும் ஆட்டமும் அவையளிட்ட இருக்கு. அது அவையளின்ர உரிமை. இங்க ஸ்காபரோவில பக்கத்து வீட்டுக்காரரை அப்பிடிச் சொல்லுறது வசைதான். பேரப்பிள்ளைக்கு அந்தச் சொல் விளங்கும், பள்ளிக்கூடத்தில அதன்ர கூட்டாளிக்கும் விளங்கத் தொடங்கியிட்டுது. தட்டியில இதைப் பாடம் எடுக்க வேண்டாம், சரியான சொல்லைப் பெரிய எழுத்தில போடுங்கோ போதும்.

கீழ ஒரு வரி சேருங்கோ: 1954இல டொனால்ட் மூர் தலைமையில ஒரு குழு ஒட்டாவாவுக்குப் போய், கரிபியக் கறுப்பினத்தவரை வடிகட்டுற குடிவரவு விதிக்கு எதிரா மனுக் குடுத்தது. நிறம் பார்க்கிறதை விதியில இருந்து எடுத்தது 1962. 83க்கு முந்தி இங்க வந்த தமிழர் நுழைஞ்சது அந்த வாசலால. அப்பப்பாமார் இதை வாசிச்சால் கொஞ்ச நேரம் நிப்பினம்.

#11 பறையொலி
ரெண்டாவது தட்டிக்கு வில்லியம் ஹால் வைக்கலாம். நோவா ஸ்கோஷியாக்காரர், அடிமைத்தனத்துலேர்ந்து தப்பி வந்தவங்களோட பையன், பிரிட்டிஷ் படையோட உச்ச வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கின முதல் கறுப்பினத்தவர். ஆனா அது அவருக்குக் கிடைச்சது, 1857 நவம்பர்ல சிப்பாய்க் கிளர்ச்சியப்போ லக்னோவுல பிரிட்டிஷ் கப்பற்படைப் பீரங்கியை வெச்சு மதில் உடைச்சதுக்கு. நம்ம வீட்டுப் பையன் "அப்போ அவர் யாருக்கு எதிராச் சண்டை போட்டார்?"னு கேட்பான். கேட்கட்டும். 7, 8ஆம் கிளாஸுக்கு அதுதான் பாடமே. 3ஆம் கிளாஸுக்கு இவரை வெச்சா பதக்கம் மட்டும்தான் மிஞ்சும், அங்க வேண்டாம்.

#12 நூலகப்பூனை
ஹாலுக்கு ஆமாம். ஆனால் ரெண்டாம் தட்டியைப் பாதி வெறுமையா விடுங்கோ. பள்ளிக்கூடத்தில இருக்கிற கறுப்பினக் குடும்பங்களிட்ட டிசம்பரிலயே ஒரு கடிதம் அனுப்பி, தட்டியில என்ன வர வேணும் எண்டு கேட்க வேணும். ஜனவரி 28ஆம் தேதி கேட்டால் அது அழைப்பு இல்லை, கையெழுத்து வாங்குற வேலை. ஒருத்தரும் வராட்டி வற்புறுத்தாதேங்கோ.

காசு: அழைச்சு வாற ஆளுக்கு 250, சாப்பாட்டுக்கு 90, அச்சுக்கு 60. "பெப்ரவரி எண்டால் வந்து சும்மா பேசிப்போட்டுப் போங்கோ" எண்டு எல்லாப் பள்ளிக்கூடமும் ஒரே ஆக்களைத்தான் கேக்குது. காசில்லாமல் கேட்கக் கூடாது. பறையொலி சொன்ன 12 மேளத்தோட ஆள் வந்தால் 250 காணாது, அப்ப சாப்பாட்டை வெட்டுங்கோ. ரெண்டையும் அரைகுறையாச் செய்யாதேங்கோ.

தட்டி எழுத்து: தலைப்பு 150 புள்ளி, விளக்கம் 30க்குக் குறையாமல், தமிழ் எழுத்து அதைவிட ஒரு பங்கு கூட. படத்தின்ர நடு நிலத்திலயிருந்து 115 சென்ரிமீற்றரில. பெரியாக்களின்ர கண் மட்டத்தில ஒட்டினால் 2ஆம் வகுப்புக்குத் தாடைதான் தெரியும். சுவர் முழுக்கக் காகிதம் பரப்பாதேங்கோ, தீப்பாதுகாப்புப் பரிசோதகர் வந்தால் கிழிக்கச் சொல்லுவார். கதவிலயும் வெளியேறும் பலகைக்குக் கிட்டவும் ஒண்டும் வேண்டாம்.

#13 வடலி
சரி, முடிவு இதுதான். முதல் தட்டி வயோலா டெஸ்மண்ட், தமிழ் விளக்கத்தோட, கீழ 1954, 1962. ரெண்டாவது ஹாலும் குடும்பங்களின்ர பகுதியும். 6ஆம் வகுப்பு பத்திரிகை. ஜிம்முக்கு ஸ்டீல் பேன் ஆள் விசாரிக்கிறம், சாப்பாடு இந்த முறை இல்லை (சட்டிபானை மன்னிக்க வேணும்). மார்ச் 1 தட்டியை என்ன செய்யிறது, குப்பைக்குத்தானா?

#14 மணற்காடு
குப்பைக்கு ஏன்? தட்டியிலயே நேரா ஒட்டாமல் கறுப்புக் காட்போட் மட்டையில ஒட்டி, மட்டையைத் தட்டியில ஊசியால குத்துங்கோ. கழட்டி நூலகத்தில வைக்கலாம். வயோலா டெஸ்மண்ட் கைதான நவம்பர் 8 அண்டைக்கு ஒரு மட்டை வெளியில வரட்டும். ஓகஸ்ட் 1 விடுதலை நாளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கோடை முகாம்காரர் இருப்பினம், அவையளிட்டக் குடுங்கோ. ஒன்ராறியோவில ஓவன் சவுண்ட் எண்ட ஊரில 1862இலயிருந்து அந்த நாளைக் கொண்டாடிக்கொண்டு வருகினம், போய்ப் பார்க்கிற தூரம்தான். மட்டைக்குப் பின்பக்கம் பென்சிலால வருசமும் வகுப்பும் எழுதி வையுங்கோ, இல்லாட்டி அடுத்த முறை யாரும் எது எங்க எண்டு கண்டுபிடிக்க மாட்டினம்.